குருவியின் கழுத்து

"தயவுசெய்து முகவாயை இன்னும் சற்று இறக்கவும்" என்று ஒலிவாங்கியில் சொன்னேன்.

கண்ணாடிக்கு அப்பால், விசிறியால் காற்றைப் பாய்ச்சி வண்டியைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் நடுவே, மோட்டார் சைக்கிளின் மேல் குப்புறப் படுத்திருந்த என் தங்கை தலைக்கவசத்துக்குள்ளிருந்து பதில் சொன்னாள். உள்ளே காற்று வீசும்போது ஓட்டுநர் கத்தினால் உடனே வெளியே கேட்க வேண்டும் என்பதற்காக எங்கள் இருவருக்கும் இடையே பேச்சுத் தொடர்பு எப்போதும் திறந்தே இருக்கும்.

"அக்கா, நீ பேசுறதக் கேட்டா ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கு. எத்தனாவது பிளாட்பாரம்னும் சொல்லிரு."

"இறக்கு குருவி, ப்ளீஸ்."

"இதுக்கு மேல இறக்கணும்னா தலையக் கழட்டி உன் மேஜைமேலதான் வைக்கணும்."

என் பின்னால் நின்றிருந்த நிறுவனர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம்" என்றார்.

எங்கள் வீட்டில் அவருக்கு அதுவே பெயர். குருவிதான் வைத்தாள். "இன்னும்கொஞ்சம் இன்னைக்கு சிரிச்சாரு" என்று அவள் சொன்னால் அம்மாவுக்கும் புரியும். நான் அவரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வேலை கொடுத்தவரைப் பட்டப்பெயரால் குறிப்பிடுவது முறையன்று என்று எண்ணியிருந்தேன்.

எங்கள் நிறுவனம் மின்சார மோட்டார் சைக்கிள்கள் செய்கிறது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர் காற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, தீர்ந்தால் ஊற்றிக்கொள்வார். மின்சார வண்டியின் நிலை வேறு. வேகம் கூடக் கூட, மின்கலத்தில் உள்ள சக்தியில் பெரும்பகுதியை எதிர்க்காற்றே தின்றுவிடுகிறது. பெரிய மின்கலம் வைக்கலாமென்றால் வண்டி கனத்துவிடும். ஆகவே காற்று வழுக்கிக்கொண்டு போகுமாறு வண்டிக்கு ஓர் உறை செய்து, ஒரே சார்ஜில் அதிக தூரம் ஓட வைப்பதே எங்கள் வேலையாக இருந்தது. நிறுவனர் உறையை வரைவார். பட்டறையில் அது உருவாகி வரும். சுரங்கத்தில் வண்டி நிற்கும் மேடை உண்மையில் ஒரு தராசு. காற்று வண்டியை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை அது சொல்லும். அதைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

ஓட்டுநராகக் குருவியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். பந்தயங்களில் ஓட்டியவள். சிறிய உடம்பு. வண்டியோடு வண்டியாக ஒட்டிக்கொள்வாள். டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் உள்ள மூடியின் மேல், அவளுடைய முகவாய் எங்கே பதிய வேண்டும் என்பதைக் காட்டச் சிவப்பு நாடா ஒன்று ஒட்டியிருந்தோம். புதிய உறை வரும் ஒவ்வொரு முறையும் அந்த நாடாவும் சற்றுக் கீழே இறங்கும். உறைக்கேற்ப ஓட்டுநரைப் பொருத்துகிறோம் என்றே எல்லோரும் பேசிக்கொண்டோம். மார்பும் முகவாயும் மூடியில் பதிய, கண் மட்டும் சாலையைப் பார்க்க வேண்டுமானால் கழுத்து எப்படி வளைய வேண்டும் என்று நாங்கள் யாரும் படுத்துப் பார்க்கவில்லை.

அன்று எண் குறைந்தது. நிறுவனர் கைதட்டினார். பட்டறையிலிருந்தவர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். குருவி இறங்கி வந்து, தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் கதவைத் திறந்தாள். இடது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. அதை நான் கவனித்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

அன்றிரவு வீட்டில், சமையலறையில், அவள் கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் நழுவி விழுந்தது. அம்மா துடைக்கத் துணி எடுத்தாள்.

"இந்த வாரத்துல இதுவே எத்தனாவது? நீ என்ன தம்ளர் உடைக்கிற பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"வழுக்கிருச்சும்மா."

"ஈரமே இல்லாத தம்ளர் எப்படிடி வழுக்கும்?"

குருவி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். இடது கையின் சுண்டு விரலிலிருந்து இரத்தம் வழிந்தது. அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"என்னது?"

"விரல் மரத்துப்போறது."

"ரெண்டு விரல்தான். மிச்ச மூணும் நல்லாத்தான் இருக்கு. கணக்குல நீதான புலி, கூட்டிக் கழிச்சிப் பாரு."

அம்மா துணியைக் கீழே போட்டாள். பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குருவி எங்களுக்குத் தெரியாமல் மருத்துவரிடம் போயிருந்தாள். கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். தலையைப் பின்னால் மடக்கிக்கொண்டு படுப்பதை உடனே நிறுத்த வேண்டும்; நிறுத்தாவிட்டால் கை சூம்பிப்போகும், அப்புறம் திரும்பாது என்று எச்சரித்திருக்கிறார்.

"அப்ப நாளைக்கே போய் முடியாதுன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா? இன்னும்கொஞ்சம் வேற ஒருத்தியப் படுக்க வைப்பாரு. ஒரே சார்ஜ்ல எவ்வளவு தூரம் போகும்னு காட்டுற அந்த நீண்ட ஓட்டம் ஒண்ணு முடியட்டும்கா. முடிஞ்சதும் சோதனைப் பிரிவு மொத்தமும் என் கையிலன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் எவளையும் இந்த மாதிரி படுக்கவிட மாட்டேன்."

"எந்தக் கையில?" என்று அம்மா கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒருத்தி பேசிப் பேசியே கெடுறா. இன்னொருத்தி வாயத் திறக்காமலே கெடுக்கிறா. நீதான சேத்துவிட்ட? உன் கண்ணு முன்னாடிதான படுத்தா?"

கீழே கிடந்த துணியை எடுத்து நான் தரையைத் துடைத்தேன்.

மறுநாள் காலை நிறுவனரின் அறைக்குப் போனேன். அந்த அறையின் சுவரில், அவர் முதன்முதலில் வரைந்த வால்பகுதியின் படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று வண்டியை இழுக்காதபடி, மீன் வால்போல ஒடுங்கும் வடிவம். அழகான வடிவம்தான். அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பரிவோடு கேட்டார். அந்தப் பரிவை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"பாவம். ஆனா ஒரே ஒரு ஓட்டம்மா. மொத்தமா வண்டி வாங்கப்போற கூரியர் கம்பெனிக்காரங்க நேர்ல பாக்க வராங்க. இதுல ஜெயிச்சா நம்ம எல்லாருக்கும் விடிவுகாலம். அவ உடம்பு மாதிரி எவளுக்கும் வராது. அதுக்கு முன்னாடி அவங்களுக்குக் காட்ட ஒரு படம் வேணும். உறையே இல்லாத பழைய வண்டி, நம்ம புது வண்டி. ரெண்டோட எண்ணும் பக்கத்துப் பக்கத்துல. பழைய எண்தான் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கே."

"மன்னிக்கணும் சார். அது எப்பவோ அளந்தது. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே ஓட்டுநர வச்சி அளக்கிறதுதான் முறை."

"சரி, அளங்க. நல்லதுதான். வித்தியாசம் இன்னும் பெருசாத் தெரியும்."

புது வண்டியை மறுபடி அளந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய வண்டியைத் தராசின் மேல் ஏற்றினோம். முன்னால் மொட்டையாக விளக்கு. வால் கிடையாது. மின்கலப் பெட்டி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. காற்றைக் கிழிப்பதற்கு அதைவிட மோசமான வடிவத்தை வேண்டுமென்றே செய்தாலும் செய்ய முடியாது. நாடா எதுவும் அதில் இல்லை. குருவி ஏறினாள், கால்களை மடக்கினாள், இத்தனை மாதப் பழக்கத்தில் உடம்பு தானாகவே படுத்தது. முகவாய் தனக்குரிய இடத்தைத் தேடிப் போய் அமர்ந்தது.

விசிறி சுழன்றது. திரையில் எண் வந்தது.

தராசு பழுது என்று நினைத்தேன். விசிறியை நிறுத்தி, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓட்டினேன். அதே எண். எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். தராசில் ஒரு குறையும் இல்லை.

பழைய வண்டியின் எண்ணும் புதிய வண்டியின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. இத்தனை மாத உறைகளும் வாலும் சேர்ந்து சம்பாதித்தது ஒரு சிட்டிகை. மற்றது அத்தனையும் என் தங்கை தன் தலையைத் தாழ்த்தியதால் வந்தது. புதிய உறையை மாட்டும் அதே நாளில் நாடாவையும் இறக்கினோம். எண் குறைந்ததும் உறையைப் பாராட்டினோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பது ஆய்வுக்கூடத்தில் முதல் வகுப்புப் பாடம். படித்தவர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நிறுவனர் அவசரப்பட்டார், நாங்கள் தலையாட்டினோம்.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் நிறுவனர்.

"இல்லைங்க சார். எடை வச்சிப் பாத்துட்டேன்."

அவர் திரையை நீண்ட நேரம் பார்த்தார். முகம் சிறுத்துப்போயிற்று. அந்த ஒரு கணம் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கணமே அதை அவரே துடைத்துப் போட்டார்.

"அவள நிமிர்ந்து உக்காரச் சொல்லுங்க. அந்தக் காலத்துல இந்த வண்டில அப்படித்தான உக்காந்தா? பழைய வண்டிக்குப் பழைய மாதிரி. அந்த எண்ண எடுத்துக்குங்க."

"அப்படின்னா புது வண்டியையும் நிமிர்ந்து உக்காந்துதான் சார் அளக்கணும்."

"புது வண்டில எதுக்கு நிமிரணும்?"

ஒலிபெருக்கியிலிருந்து குருவியின் குரல் வந்தது. "ஏன்னா அத வாங்குறவனுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கும் சார்."

எங்கள் பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"உன்ன யாரு கேட்டா? ஓட்டுறவ ஓட்டுற வேலையப் பாரு" என்று நிறுவனர் கத்தினார்.

"அதத்தான் சார் பாத்திட்டிருக்கேன். இங்க வேற யாரும் ஒரு வேலையும் பாக்கலன்னு இப்பதான தெரியுது!"

நிறுவனர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். போகுமுன் விரலை நீட்டி எனக்கு ஒன்று சொன்னார். "நாளைக்கு ஓட்டம் நடக்கும். படுத்துத்தான் ஓட்டுவா. நீங்கதான் பேசணும், உங்க பேச்சத்தான் அவ கேப்பா."

குருவியைப் படிக்கட்டில் கண்டேன். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, மரத்த விரல்களை மற்றக் கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"கை போனாலும் ஒரு நல்ல வண்டிக்காகப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்கா. ஒண்ணுமில்லாததுக்குப் போகுது."

"நாளைக்கு நீ ஏற வேண்டாம்."

"ஏறுவேன்."

"பைத்தியமா உனக்கு? ஏறினாலும் நிமிர்ந்து உக்காந்து ஓட்டு. நான் சொல்றேன்."

அவள் எழுந்தாள். என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். என்னைவிட ஒரு தலை குள்ளம்; ஆனால் அன்று நான்தான் அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது.

"இங்க சொல்லாத. யாரும் இல்லாத படிக்கட்டுல வந்து என் காதுல மட்டும் சொல்லாத. இத்தனை நாளா குனி, குனின்னு மைக்லதான சொன்ன? நாளைக்கும் மைக்லயே சொல்லு. அவரு பக்கத்துல நிக்கட்டும், வந்தவங்க நிக்கட்டும். நீ என்ன சொல்றியோ அத அப்படியே செய்றேன். நீ ஒண்ணும் சொல்லலன்னா படுத்தபடியே கடைசி வரைக்கும் ஓட்டுவேன். கை போனா போகட்டும்."

"ஏன்டி என்னைப் போட்டு இப்படி…"

"ஏன்னா எனக்குக் கோவம். உனக்கு வந்தா உனக்கும் தெரியும்."

சோதனைப் பாதை ஊருக்கு வெளியே, புல்வெளியைச் சுற்றி ஒரு பெரிய வளையமாகக் கிடந்தது. கொட்டகையின் நிழலில் ஒரு மேஜை, திரை, ஒலிவாங்கி. வண்டி எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது, மிச்சமுள்ளதைக் கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். கூரியர் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரான கொள்முதல் அதிகாரி, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, அதிகம் பேசாமல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார். நிறுவனர் அவரிடம் வாலின் வடிவத்தைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். ஒவ்வொரு வளைவையும் அவர் வருடி வருடிச் சொன்னபோது, என் காதுமடல்கள் சூடாகின.

குருவி புறப்பட்டாள். படுத்திருந்தாள். புதிய வண்டி சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனது. காற்று மட்டும் சீறியது. திரையில் எண் நன்றாக இருந்தது.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அதிகாரி அப்போது ஏதோ கேட்டார், நிறுவனர் சிரித்தார், இடையில் பேசுவது நாகரிகமன்று என்று நான் காத்திருந்தேன். ஆம், அப்போதும் காத்திருந்தேன். அவள் மறுபடி கடந்து போனாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கேலி இல்லை, ரயில் இல்லை. அடுத்த முறை அவள் வந்தபோது இடது கையைப் பார்த்தேன். கைப்பிடியை விரல்கள் பற்றியிருக்கவில்லை. கை அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

நிறுவனர் என் காதருகே குனிந்தார். "காத்து எதுக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க."

எனக்குள் எது அறுந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"குருவி, எந்திரி! நிமிர்ந்து உக்காரு! போதும், நிமிரு!"

என் குரல் உடைந்து கொட்டகைக் கூரையில் மோதித் திரும்பியது. பாதையின் எதிர்ப்புறத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்த உருவம் எழுந்தது. முதுகு நேரானது. திரையில், மிச்சமிருந்த தூரம் சரசரவென்று சரிந்தது.

"என்ன பண்றீங்க? மைக்கக் குடுங்க!" நிறுவனர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தர மாட்டேன். கைய எடுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "ஏன் எந்திரிச்சிட்டாங்க? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல மேடம், ஓட்டுறவங்களுக்குச் சின்னக் கோளாறு…"

"கோளாறு இல்லைங்க" என்றேன். "மனுஷங்க வண்டில இப்படித்தான் உக்காருவாங்க. உங்க ஆளுங்க முதுகுல பெட்டியோட படுத்துக்கிட்டா போவாங்க? நாங்க உங்களுக்குச் சொன்ன தூரம் இந்த வண்டியோடது இல்ல. என் தங்கச்சி கழுத்தோடது. அவ நிமிர்ந்தா அந்தத் தூரம் கிடையாது. பழைய வண்டில அவ படுத்தாலும் இதே தூரம்தான் வருது. நேத்து அளந்து பாத்துட்டோம், இவருக்கும் தெரியும். தெரிஞ்சும் இன்னைக்கு அவளப் படுக்க வச்சாரு. அவளுக்கு ஒரு கை செத்துக்கிட்டிருக்கு, அதுவும் தெரியும்!"

நிறுவனரின் உதடு துடித்தது. "இது இவங்க குடும்பப் பிரச்சினை மேடம்" என்றார்.

குடும்பப் பிரச்சினை! அந்தச் சொல்லுக்காகவே அவரை நான் மன்னிக்கமாட்டேன்.

"ஓடட்டும்" என்றார் அதிகாரி. "நிமிர்ந்தே ஓடட்டும். எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்துட்டுப் போறோம்."

வண்டி ஓடியது. சொன்ன தூரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் வேகம் குறைந்து, எதிர்ப்புறப் புல்வெளியருகே நின்றுவிட்டது. அதிகாரி என்னிடம், "கைக்கு வைத்தியம் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நிறுவனரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. கார் போன பிறகு நிறுவனர் நாற்காலியை எட்டி உதைத்தார்.

"இத்தனை பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்க. நாளையிலேர்ந்து வராதீங்க. ரெண்டு பேருமே."

"வர மாட்டோம் சார். ஆனா அந்த எண்கள் என் கையெழுத்துல இருக்கு. என் பேரப் போட்டு அத எங்கயாவது காட்டினீங்கன்னா, அங்கயும் வந்து இதையே சொல்லுவேன்."

ஒலிவாங்கியை மேஜைமேல் வைத்துவிட்டுப் புல்வெளியைக் குறுக்காகக் கடந்தேன். குருவி வண்டியைத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். தலைக்கவசத்தின் வாரை ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியாமல் முட்டிமோதிக்கொண்டிருந்தாள். நான் அவிழ்த்துவிட்டேன். முகம் வியர்வையில் குளித்திருந்தது.

"எத்தனை சுத்து ஆச்சு உனக்கு, வாயத் திறக்க?"

"மன்னிச்சிரு…"

"மன்னிப்புக் கேட்ட, அறைஞ்சிருவேன். எந்தக் கையால அறையறதுன்னுதான் தெரியல."

"வலது கை சும்மாதான இருக்கு."

அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது கையால் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நன்றாக வலித்தது.

"வண்டிய யாரு தள்றது?" என்றேன்.

"அவரு வண்டி, அவரே தள்ளட்டும். வால்ல பிடிச்சி இழுத்துட்டுப் போகட்டும். நட, டாக்டர் கிளம்பிரப் போறாரு."

சாலையை நோக்கி நடந்தோம். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தபடி என்னைத் திட்டினாள். முதல் நாள் மேஜைக்கருகில் நின்று "தயவுசெய்து" என்று ஆரம்பித்தது முதல் ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது கத்தியிருக்கிறாயா என்றாள். கத்துவதற்குக்கூட உனக்குப் பின்னால் நின்று யாராவது சொல்ல வேண்டுமா என்றாள். எல்லாம் நியாயமான கேள்விகள். நான் அவளுடைய இடது பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தொங்கிய கையின் சுண்டு விரலைப் பிடித்தேன். சற்று அழுத்தினேன். பிறகு நகம் பதியக் கிள்ளினேன்.

அவள் திட்டிக்கொண்டே நடந்தாள்.